ஒரே ஃபர்ம்வேர், பல ரேடியோ மாட்யூல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போர் மோட்டார் கன்ட்ரோலர், மேல்நிலைத் தொட்டி நீர்மட்டக் கருவி, மல்லிகைத் தோட்டத்து மண் ஈர சென்சார் என்று மதுரை, உசிலம்பட்டி, மேலூர் பக்கம் கம்பியில்லாக் கருவி செய்பவர்களுக்கான பக்கம் இது. இன்றைக்குக் கிடைக்கும் ரேடியோ மாட்யூல் அடுத்த ஆர்டருக்குக் கிடைக்காது. கிடைத்தாலும் விலை மாறியிருக்கும். வேறு மாட்யூலைப் பொருத்தியதும் கருவிக்குள் ஓடும் மொத்த நிரலையும் (ஃபர்ம்வேர்) திருத்தும் நிலை வராமல், ரேடியோவோடு பேசும் பகுதியைத் தனி அடுக்காக எப்படி எழுதுவது என்பதே இங்கே பேச்சு.

இதற்கெல்லாம் தனி அடுக்கு வேண்டுமா? இரண்டு "இஃப்" போட்டால் முடிந்ததே?

ஒரே ஒரு மாட்யூல்தான் என்றால் அடுக்கே வேண்டாம். இரண்டு என்றாலும் "இஃப்" போட்டுச் சமாளிக்கலாம். மூன்றாவது வரும்போதுதான் சிக்கல்: மோட்டாரை நிறுத்தும் நிரலுக்குள்ளேயே "இந்தச் சிப்பாக இருந்தால் 5 மில்லிசெகண்ட் பொறு" என்று எழுதியிருப்பீர்கள். அந்த வரி ஏன் வந்தது என்று ஆறு மாதம் கழித்து எழுதியவருக்கே தெரியாது.

இதில் எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. கையில் ஒரே மாட்யூலை வைத்துக்கொண்டு "பொதுவான" அடுக்கு எழுதினால், அது அந்த மாட்யூலின் ரெஜிஸ்டர்களுக்கு (சிப்பின் அமைப்பு மதிப்புகள் உட்காரும் இடங்கள்) மாட்டிய சட்டையாகத்தான் இருக்கும். இரண்டாவது மாட்யூலை மேசைமேல் ஓடவைத்த பிறகே அடுக்கின் வடிவத்தை முடிவு செய்யுங்கள்.

அடுக்கை எந்த இடத்தில் வெட்டுவது?

பலரும் சிப்புக்கு ஒரு ஃபைல் என்று வெட்டுகிறார்கள். அது போதாது. சிப் வேறு, அது உட்கார்ந்திருக்கும் மாட்யூல் வேறு.

எஸ்எக்ஸ்1276 என்ற லோரா (குறைந்த வேகத்தில் தூரம் போகும் ரேடியோ முறை) சிப்பில் அனுப்பும் வெளிவாசல் இரண்டு வகை: ஆர்எஃப்ஓ, பிஏ-பூஸ்ட். ஆர்எஃப்எம்95 மாட்யூலில் ஆன்டெனாவுக்கு இணைத்திருப்பது பிஏ-பூஸ்ட் மட்டுமே. நிரல் ஆர்எஃப்ஓவைத் தேர்ந்தெடுத்தாலும் சிப் வழக்கம்போல "டிஎக்ஸ்-டன்" (அனுப்பி முடித்தேன்) என்று சொல்லும். ஆனால் சிக்னல் பக்கத்து அறையைத் தாண்டாது. அடுத்த தலைமுறைச் சிப்பான எஸ்எக்ஸ்1262 வைத்த மாட்யூல்களிலும் இதே கதைதான். அதிர்வெண்ணைப் பிடித்துவைக்கச் சிலவற்றில் சாதாரண கிரிஸ்டல் இருக்கும். சிலவற்றில் வெப்ப ஈடு செய்த டிசிஎக்ஸ்ஓ இருக்கும். அதற்கு டிஐஓ3 என்ற பின் வழியாகச் சிப்பே மின்சாரம் கொடுக்க வேண்டும். சிலவற்றில் ஆன்டெனா சுவிட்சை டிஐஓ2 தானே திருப்பும். சிலவற்றில் டிஎக்ஸ் (அனுப்புதல்), ஆர்எக்ஸ் (வாங்குதல்) சுவிட்சுக்கென்று மைக்ரோகன்ட்ரோலரிலிருந்து இரண்டு பின் தனியாக ஓட்ட வேண்டும்.

ஆகவே மூன்று துண்டாக வெட்டுங்கள். அடியில் போர்டு அட்டவணை: எந்தப் பின் எங்கே, எந்த வெளிவாசல், கிரிஸ்டலா டிசிஎக்ஸ்ஓவா, எஸ்பிஐயின் (மைக்ரோகன்ட்ரோலர் சிப்போடு பேசும் கம்பிவழி) அதிகபட்ச வேகம் எவ்வளவு. இதில் நிரல் இருக்கக் கூடாது, மதிப்புகள் மட்டும். அதன்மேல் சிப் டிரைவர். எல்லாவற்றுக்கும் மேலே, செய்தியை அனுப்பிப் பதில் வாங்கும் இணைப்பு அடுக்கு. மோட்டார் நிரல் இந்த மூன்றாவதோடு மட்டும் பேசும். ஆர்எஃப்எம்95-க்குப் பதில் ஆர்ஏ-01எச் வந்தால் சிப் அதே 1276தான். அட்டவணையில் நாலைந்து வரி மாறும், வேலை முடிந்தது. ஆர்ஏ-01எஸ்எச் வந்தால் சிப் 1262, டிரைவரும் மாறும்.

அடாப்டரில் என்னென்ன ஃபங்ஷன் இருக்க வேண்டும்?

அடாப்டர் என்பது சிப் டிரைவர் மேலடுக்குக்குக் காட்டும் ஒரே மாதிரியான முகம். தொடங்கு, அனுப்பு, கேள், தூங்கு, நிகழ்வு எடு, திறன் சொல். இந்த ஆறு போதும். ஏழாவதாக "ரெஜிஸ்டர் எழுது" என்று வெளியே திறந்துவைக்கும் ஆசை வரும். திறந்துவிட்டால் அடுக்கு இருப்பதும் ஒன்று, இல்லாததும் ஒன்று.

மதிப்புகள் எல்லாம் இயற்பியல் அலகில் போகட்டும். அதிர்வெண் ஹெர்ட்ஸில், சக்தி டிபிஎம்மில், நேரம் மில்லிசெகண்டில். 1276-இன் அதிர்வெண் படி 32 மெகாஹெர்ட்ஸை 2-இன் 19ஆம் அடுக்கால் வகுத்தது, அதாவது சுமார் 61 ஹெர்ட்ஸ். 1262-இல் 25ஆம் அடுக்கு, சுமார் 1 ஹெர்ட்ஸ். இந்தக் கணக்கு டிரைவரைத் தாண்டி மேலே வரக் கூடாது. 22 டிபிஎம் கேட்டு, சிப்பால் 20தான் முடியும் என்றால், டிரைவர் 20 வைத்துவிட்டு "20 வைத்தேன்" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். சத்தமில்லாமல் குறைத்துவிடும் டிரைவர்தான் பின்னால் தோட்டத்தில் நின்று தலையைச் சொறியவைக்கும்.

இன்டரப்டுக்குள் (சிப் அழைத்ததும் நடுவில் புகுந்து ஓடும் நிரல்) எஸ்பிஐ பேசாதீர்கள். இன்டரப்ட் ஒரு கொடியைத் தூக்கிவிட்டுத் திரும்பட்டும். மற்றதை "நிகழ்வு எடு" பார்த்துக்கொள்ளும்.

"அனுப்பு" வெற்றி என்று வருகிறது, ஆனால் மோட்டார் நிற்கவில்லை. ஏன்?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

"அனுப்பியாச்சு" என்ற சொல்லுக்கு ஒவ்வொரு ஹார்டுவேரும் ஒரு பொருள் வைத்திருக்கிறது. லோரா சிப்பின் டிஎக்ஸ்-டன் என்றால் சிக்னல் சிப்பை விட்டுக் கிளம்பியது, அவ்வளவே. ஆன்டெனா கழன்று தொங்கினாலும் டிஎக்ஸ்-டன் வரும். என்ஆர்எஃப்24எல்01 என்ற வேறு வகை ரேடியோ சிப்பில் தானியங்கி ஒப்புகை இயக்கியிருந்தால், எதிர்முனைச் சிப் வாங்கிப் பதில் சொன்ன பிறகே அனுப்பிய அறிவிப்பு வரும். அங்கும் வாங்கியது சிப்தான்; அதன் பின்னால் இருக்கும் மைக்ரோகன்ட்ரோலர் தொங்கிப்போயிருக்கலாம். செல்போன் மோடத்தில் எஸ்எம்எஸ் போனது என்று வந்தால், நெட்வொர்க் அதை ஏற்றுக்கொண்டது என்று பொருள். போய்ச் சேர்வது பத்து விநாடியிலும் நடக்கலாம், அரைமணி கழித்தும் நடக்கலாம்.

மூன்றையும் "சரி" என்ற ஒரே விடைக்குள் அடைத்தால், என்ஆர்எஃப்-இல் ஒழுங்காக ஓடிய நிரல் லோராவுக்கு மாறிய அன்றே பொய் சொல்லத் தொடங்கும். வரப்பில் நிற்பவர் திரையில் "மோட்டார் நின்றது" என்று பார்ப்பார். கிணற்றில் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும்.

தீர்வு: அடாப்டர் மூன்று நிலைகளைத் தனித்தனியாகச் சொல்லட்டும். சிப்பிடம் கொடுத்தேன், காற்றில் போனது, எதிர்முனைச் சிப் ஒப்புக்கொண்டது. மூன்றாவது முடியாத ஹார்டுவேர், முடியாது என்று திறன் பட்டியலிலேயே சொல்லிவிடட்டும். "வேலை நடந்தது" என்பது நான்காவது நிலை. அதை எந்த ரேடியோவும் சொல்ல முடியாது. மோட்டார் பக்கத்து நிரல் கான்டாக்டர் (மோட்டாரின் மின் சுவிட்ச்) நிலையையோ மின்னோட்டத்தையோ பார்த்துவிட்டு அனுப்பும் பதில் செய்திதான் அதைச் சொல்லும். திரையில் காட்ட வேண்டியது அந்த நான்காவதை மட்டும்.

கூடவே இரண்டு பழக்கம். கட்டளை "மாற்று" என்று இருக்கக் கூடாது. "நிறுத்து", "ஓட்டு" என்று இருக்க வேண்டும். பதில் தொலைந்து கட்டளை இரண்டாம் முறை போனாலும் "நிறுத்து" நிறுத்தும். "மாற்று" மறுபடி ஓட்டிவிடும். ஒவ்வொரு செய்திக்கும் வரிசை எண் கொடுங்கள். "ஓட்டு" கட்டளைக்கு ஆயுளும் கொடுங்கள்: 10 நிமிடத்துக்குள் புதுப்பிப்பு வரவில்லை என்றால் மோட்டார் தானே நிற்கட்டும். தண்ணீர் வற்றினால் நிறுத்தும் பாதுகாப்பை ரேடியோவை நம்பி விடாதீர்கள். அது ஸ்டார்ட்டர் பெட்டிக்குள்ளேயே இருக்க வேண்டும்.

திறன் பட்டியலில் என்ன இருக்கும்?

ஒரு செய்தியின் அதிகபட்ச பைட் முதலில். என்ஆர்எஃப்24எல்01-இல் 32. சிசி1101 சிப்பின் ஃபிஃபோ (செய்தி தங்கும் இடம்) 64 பைட். லோரா சிப்களில் 255. எஸ்எம்எஸ் 160 எழுத்து. தமிழில் அனுப்பினால் 70 ஆகிவிடும்.

எல்லாவற்றிலும் சிறியதை எடுத்து 32 என்று வைத்துவிடலாமா என்று கேட்பார்கள். செய்தி 20 பைட்டுக்குள் அடங்குமானால் தாராளமாக வைக்கலாம், வேலை மிச்சம். நீர்மட்டம், மின்னழுத்தம், மூன்று முனை மின்னோட்டம், நிலை எல்லாம் பைனரியாக 20 பைட்டில் அடங்கும். ஜேசன் என்ற எழுத்து வடிவில் அனுப்ப அடம்பிடிப்பவர்களுக்குத்தான் துண்டு போட்டு ஒட்டும் தலைவலி.

மற்றவை: சக்தியின் கீழ் மேல் எல்லை, ஒப்புகை உண்டா, தூக்கத்திலிருந்து எழ எவ்வளவு நேரம், இத்தனை பைட் காற்றில் போக எத்தனை மில்லிசெகண்ட்.

அந்தக் கடைசிக் கணக்கு எதற்கு? டைம்அவுட் 500 மில்லிசெகண்ட் என்று வைத்தால் என்ன?

லோராவில் 125 கிலோஹெர்ட்ஸ் அகலம், 20 பைட் செய்தி, 8 சிம்பல் முன்னொலி, 4/5 பிழைதிருத்தம் என்று வையுங்கள். எஸ்எஃப் என்பது பரப்புக் காரணி; ஏற ஏற வேகம் குறையும், தூரம் கூடும். எஸ்எஃப்7-இல் 57 மில்லிசெகண்ட். எஸ்எஃப்10-இல் 371. எஸ்எஃப்12-இல் 1319. மேலே 500 என்று எழுதிவைத்தவரின் கருவி எஸ்எஃப்10 வரை செய்தியை நேரத்துக்குள் அனுப்பி முடிக்கும். யாரோ தூரம் வேண்டும் என்று 12-க்கு மாற்றியதும், முதல் செய்தி இன்னும் காற்றில் இருக்கும்போதே "தோல்வி" என்று இரண்டாவதை அனுப்பும். அப்புறம் எதுவுமே போய்ச் சேராது. காத்திருக்கும் நேரத்தை அடாப்டரிடம் கேட்டு வாங்குங்கள்: போகும் நேரம், பதில் வரும் நேரம், எதிர்முனை யோசிக்கும் நேரம், கொஞ்சம் கூடுதல்.

எஸ்எஃப் ஒரு படி ஏறினால் சுமார் 2.5 டிபிதான் கிடைக்கும். நாகமலைக்கு அந்தப்பக்கம் கருவியும் இந்தப்பக்கம் கேட்வேயும் (செய்திகளை வாங்கிச் சேர்க்கும் பெட்டி) இருந்தால் எஸ்எஃப் ஏற்றி மலையைத் தாண்ட முடியாது. ஆன்டெனாவை உயர்த்துங்கள், அல்லது இடையில் ரிலே வையுங்கள்.

பழைய கருவிகள் எஸ்எக்ஸ்1276, புதியவை எஸ்எக்ஸ்1262. அதிர்வெண், எஸ்எஃப், அகலம் எல்லாம் ஒன்றுதான், ஒன்றுக்கொன்று கேட்கவில்லை.

முதலில் சிங்க் வேர்டு, அதாவது நம் செய்திதானா என்று வாங்குபவர் அடையாளம் பார்க்கும் குறி. 1276-இல் அது ஒரு பைட், 1262-இல் இரண்டு பைட். ஹெக்ஸ் (16 அடிமான எண்) 12-க்கு இணை 1424. ஹெக்ஸ் 34-க்கு இணை 3444. 1262-இல் 0012 என்று எழுதிவிட்டுத் தேடுபவர்கள் நிறைய. மேலடுக்கு ஒரு பைட் கொடுக்கட்டும்; 1262 டிரைவர் அதை நான்கு நான்கு பிட்டாகப் பிரித்து ஒவ்வொன்றின் பின்னும் 4 சேர்த்துக்கொள்ளட்டும்.

இரண்டாவது, குறைந்த வேக மேம்படுத்தல் பிட். சிம்பல் நேரம் 16 மில்லிசெகண்டைத் தாண்டினால் அது இயங்க வேண்டும். 125 கிலோஹெர்ட்ஸில் எஸ்எஃப்11, 12 இரண்டுக்கும் வேண்டும். ஒருபக்கம் இயக்கி மறுபக்கம் விட்டால், செய்தி வந்த அறிகுறி தெரியும், உள்ளே குப்பையாக இருக்கும் அல்லது சிஆர்சி (செய்தி சிதைந்ததா என்ற சரிபார்ப்பு) பிழை வரும். எஸ்எஃப்10 வரை பேசி 11-இல் நின்றுபோனால் வேறெங்கும் தேட வேண்டாம், இதுதான்.

மூன்றாவது, ஐக்யூ திருப்பம், அதாவது சிக்னலைத் தலைகீழாக்கும் அமைப்பு. 1262-இல் ஐக்யூ அமைப்பை மாற்றும்போது 0736 முகவரியின் ஒரு பிட்டையும் கூடவே மாற்ற வேண்டும் என்று சிப்பின் பிழைக் குறிப்பிலேயே இருக்கிறது. எஸ்எஃப்6-ஐ இரண்டு தலைமுறைக்கும் இடையே பயன்படுத்தவே வேண்டாம்.

பழைய குடும்பத்துக்குள்ளும் ஒரு வேடிக்கை உண்டு: 1276-ஐ ரீசெட் செய்ய அந்தப் பின்னைத் தாழ்த்த வேண்டும், 1272-இல் உயர்த்த வேண்டும். போர்டு அட்டவணையில் "ரீசெட் திசை" என்று ஒரு வரி வையுங்கள்.

எந்த மாட்யூல் என்று நிரலே கண்டுபிடிக்குமா?

ஓரளவு. 1276-இன் ரெஜிஸ்டர் 42-ஐப் படித்தால் 12 வரும், இரண்டுமே ஹெக்ஸ். 1262-இல் அப்படி ஒற்றை அடையாள ரெஜிஸ்டர் இல்லை. 0320 முகவரியில் ஓர் எழுத்துச்சரம் இருக்கிறது, அதுவும் 1262 என்று சொல்லாமல் 1261 என்று சொல்லும். 0 அல்லது 255 மட்டுமே திரும்பத் திரும்ப வந்தால் சிப்பே பேசவில்லை. எஸ்பிஐ கம்பியையும் மின்சாரத்தையும் பாருங்கள்.

ஆனால் சிப்பைக் கண்டுபிடித்தாலும் டிசிஎக்ஸ்ஓ உண்டா, எந்த வெளிவாசல் என்பதைக் கேட்டறிய வழியே இல்லை. தடவிப் பார்ப்பதில் ஆபத்தும் உண்டு. ஒரு போர்டில் ஆன்டெனா சுவிட்சை ஓட்டும் பின், இன்னொரு போர்டில் 1262-இன் பிஸி ("வேலையாக இருக்கிறேன்" என்று சொல்லும்) பின்னோடு இணைந்திருக்கலாம். இரண்டு பக்கமும் ஒரே கம்பியை எதிரெதிராக இழுக்கும். ஆகவே போர்டு எண்ணை ஃபிளாஷில் தயாரிப்பின்போதே எழுதிவிடுங்கள். ஃபிளாஷில் இடமில்லை என்றால் இரண்டு பின்னில் ரெசிஸ்டர் வைத்து நான்கு போர்டு வகைகளைப் பிரிக்கலாம். தானாகக் கண்டறிவது சரிபார்க்க மட்டும்: ஃபிளாஷ் 1276 என்கிறது, ரெஜிஸ்டர் 12 தரவில்லை என்றால் ரேடியோவைத் தொடாமல் எல்இடியில் பிழையைக் காட்டி நிற்கட்டும்.

மேசைமேல் ஒழுங்காக ஓடுகிறது. ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் வைத்தால் இரண்டு நாளில் பேச்சு நின்றுவிடுகிறது.

கான்டாக்டர் விழும்போது வரும் மின்வீச்சில் ரேடியோ சிப் மட்டும் ரீசெட் ஆகிவிடும், மைக்ரோகன்ட்ரோலருக்குத் தெரியாது. சிப் தொடக்க நிலை மதிப்புகளோடு சும்மா உட்கார்ந்திருக்கும், நிரல் "கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்று நம்பிக்கொண்டிருக்கும். மும்முனை மின்சாரம் வந்து போகும் ஒவ்வொரு முறையும் இதற்கு வாய்ப்பு.

நிமிடத்துக்கு ஒருமுறை, நீங்கள் எழுதிய ஏதாவது ஒரு ரெஜிஸ்டரைத் திரும்பப் படியுங்கள். அது தொடக்க மதிப்பிலிருந்து வேறுபட்டதாக இருக்க வேண்டும். 1276-இன் சிங்க் வேர்டு தொடக்கத்திலேயே ஹெக்ஸ் 12 என்பதால், நீங்களும் 12 வைத்திருந்தால் அந்த ரெஜிஸ்டரை நம்பாதீர்கள். அப்போது அதிர்வெண் ரெஜிஸ்டரைப் படியுங்கள். பொருந்தவில்லை என்றால் "தொடங்கு"வை மறுபடி முழுதாக ஓட்டுங்கள். அதனால்தான் அடாப்டர் தன் அமைப்பை நினைவில் வைத்திருக்க வேண்டும். மேலடுக்கிடம் திரும்பக் கேட்கக் கூடாது. 1262-இல் பிஸி பின் தாழக் காத்திருக்கும் இடம் ஒவ்வொன்றிலும் நேர வரம்பு வையுங்கள். வரம்பில்லாத ஒரே ஒரு "வைல்" சுற்று மொத்தக் கருவியையும் உறையவைக்கும்.

ஹார்டுவேர் பக்கம் கான்டாக்டர் சுருளுக்குக் குறுக்கே ஸ்னப்பர் (மின்வீச்சை அடக்கும் பாகம்), மாட்யூலின் மின்முனையிலேயே ஒரு கெப்பாசிட்டர், ஆன்டெனா பெட்டிக்கு வெளியே. இவை இல்லாமல் நிரலை மட்டும் திருத்துவது ஒழுகும் கூரைக்குக் கீழே வாளி வைப்பது போல.

சித்திரை, வைகாசியில் மதியம் மட்டும் தொடர்பு அறுகிறது.

கிரிஸ்டல் நகர்கிறது. வெளியே 40 டிகிரியைத் தாண்டும் நாளில் வெயிலில் தொங்கும் இரும்புப் பெட்டிக்குள் இன்னும் சூடு. 866 மெகாஹெர்ட்ஸில் 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) என்றால் 17 கிலோஹெர்ட்ஸ் விலகல். இரண்டு முனையும் எதிரெதிராக விலகினால் 34. லோரா தாங்குவது அகலத்தில் ஏறக்குறைய கால் பங்கு: 125 கிலோஹெர்ட்ஸுக்கு 31. தொட்டிமேல் வெயிலில் ஒன்று, வீட்டுக்குள் மின்விசிறிக்கடியில் ஒன்று என்றால் இந்த எல்லை மதியத்தில்தான் மீறும். அகலத்தை 62.5-ஆகக் குறைத்துத் தூரம் பெறலாம் என்று நினைப்பவர்கள் டிசிஎக்ஸ்ஓ மாட்யூல் வாங்க வேண்டும். அடாப்டரும் உதவலாம்: போர்டு அட்டவணை கிரிஸ்டல் என்று சொன்னால் 125-க்குக் கீழான அகலத்தை மறுத்துவிடட்டும்.

அலைவரிசையை எங்கே வைப்பது?

டிரைவருக்கு வெளியே, தனியொரு பகுதி அட்டவணையில். இந்தியாவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்த 2005-இல் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை திறந்தார்கள். 2021-இல் அது 868 வரை நீண்டது. சேனல் அகலம் 200 கிலோஹெர்ட்ஸ், அனுப்பும் சக்தி 1 வாட் என்பவை எல்லைகள். ஆகவே லோராவின் 250, 500 அகலங்கள் இங்கே கூடாது. இணையத்தில் கிடைக்கும் மாதிரி நிரல்களில் பலவற்றில் 915 இருக்கும், அப்படியே ஏற்றாதீர்கள். லோராவான் (லோராமேல் ஓடும் நெட்வொர்க் முறை) என்றால் இந்தியாவுக்கான அடிப்படைச் சேனல்கள் 865.0625, 865.4025, 865.985. விற்பனைக்குச் செய்பவர்கள் மத்திய அரசின் அலைவரிசைப் பிரிவான டபிள்யூபிசியின் கருவி வகை ஒப்புதலையும் பார்க்க வேண்டும். மாட்யூலை மாற்றினால் அந்தக் காகிதமும் மாறும்.

4ஜி மோடத்தையும் இதே அடாப்டருக்குள் கொண்டுவரலாமா?

வரலாம். மோடத்துக்குக் கொடுக்கும் ஏடி கட்டளைகள் கேள்வி–பதிலாக வந்தாலும் நடுவில் "அழைப்பு வருகிறது", "எஸ்எம்எஸ் வந்தது" என்று மோடம் தானாகப் பேசும். ஒவ்வொரு வரியையும் முதலில் வகை பிரிக்கவில்லை என்றால் பதில் என்று நினைத்து வேறொன்றைப் படிப்பீர்கள். நெட்வொர்க்கில் பதிவாக அரை நிமிடம்கூட ஆகலாம், ஆகவே "தொடங்கு" உடனே திரும்ப வேண்டும். "தயார்" நிகழ்வாகப் பின்னால் வரட்டும். 2ஜி மோடம் அனுப்பும்போது நொடியின் சிறுபகுதிக்கு 2 ஆம்பியர் வரை இழுக்கும். லோரா மாட்யூலுக்கு வைத்த சிறிய ரெகுலேட்டரில் மாட்டினால் அழைக்கும் நேரம் பார்த்து ரீசெட் ஆகும். ஜியோவில் 2ஜி கிடையாது என்பதையும் சிம் வாங்கும் முன் நினைவில் வையுங்கள்.

கேட்வேயாக லினக்ஸ் பெட்டி, அதில் யுஎஸ்பி வைஃபை. ஒரே மாடல் வாங்கியும் ஒன்று ஓடவில்லை.

பெட்டிமேல் இருக்கும் பெயர் சிப்பின் பெயரல்ல. டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஎன்722என் முதல் பதிப்பில் ஏதெராஸ் ஏஆர்9271 இருந்தது. இரண்டாம் பதிப்பில் ரியல்டெக் சிப். மாடல் எண் அதேதான். யுஎஸ்பி அடையாள எண்ணைப் பாருங்கள். நிரலில் "டபிள்யூலேன்0" என்று பெயரை எழுதிவைக்காமல், கெர்னலின் (லினக்ஸின் மையம்) என்எல்80211 என்ற வைஃபை இடைமுகம் வழியாக எந்தக் கருவி எந்தத் திறனோடு இருக்கிறது என்று கேளுங்கள். இங்கே அடாப்டர் அடுக்கைக் கெர்னலே எழுதிவைத்திருக்கிறது; மேலே இன்னொன்று கட்ட வேண்டாம்.

அட்மெகா328 என்ற சிறிய மைக்ரோகன்ட்ரோலரில் இதெல்லாம் அடங்குமா?

32 கிலோபைட் ஃபிளாஷ், 2 கிலோபைட் ராம். எல்லா டிரைவரையும் ஏற்றாதீர்கள். கம்பைல் செய்யும்போதே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஃபங்ஷன் பெயர்கள் ஒன்றாக இருந்தால் போதும். இஎஸ்பி32 போன்றவற்றில் ஃபங்ஷன் பாயின்டர் அட்டவணை வைத்து ஓடும்போதே தேர்ந்தெடுக்கலாம்.

எப்படிச் சோதிப்பது?

முதலில் ரேடியோவே இல்லாத போலி அடாப்டர் ஒன்று எழுதி, மோட்டார் நிரலைக் கம்ப்யூட்டரில் ஓட்டுங்கள். போலி அடாப்டர் வேண்டுமென்றே பதிலைத் தொலைக்கட்டும், இரண்டு முறை கொடுக்கட்டும், தாமதமாகக் கொடுக்கட்டும். மாட்யூல் எத்தனை மாறினாலும் இந்தச் சோதனை மாறாது.

அடுத்து உண்மை மாட்யூல்கள். மூன்று வகை லோரா மாட்யூல் இருந்தால் அனுப்புபவர், வாங்குபவர் என்று ஒன்பது ஜோடி. ஒவ்வொன்றையும் எஸ்எஃப்7, 10, 12-இல் ஓட்டுங்கள். தன்னோடு தானே பேசும் ஜோடி மட்டும் தேறினால் சிங்க் வேர்டு சிக்கல் ஒளிந்திருக்கும். ஆன்டெனா இல்லாமல் அனுப்பாதீர்கள். மேசைமேல் ஒரு மீட்டர் இடைவெளியில் 20 டிபிஎம் வைத்தால் வாங்கும் பக்கம் திணறிப் பொய் முடிவு தரும். சக்தியைக் கீழே இறக்குங்கள் அல்லது நடுவில் 30 டிபி அட்டெனுவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் பாகம்) வையுங்கள். 1276-இல் 20 டிபிஎம் வேண்டும் என்றால் மின்னோட்டப் பாதுகாப்பு எல்லையை 100 மில்லிஆம்பியரிலிருந்து உயர்த்த வேண்டும், அனுப்பும் நேரமும் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

கடைசியாக, 1276 அல்லது 1262 சிப்பின் ரீசெட் பின்னை ஓடும்போதே ஒரு கம்பியால் தரையோடு தொட்டுவிட்டு எடுங்கள். ஒரு நிமிடத்துக்குள் பேச்சு தானாகத் திரும்பவில்லை என்றால் அந்த அடாப்டரைத் தோட்டத்துக்கு அனுப்பாதீர்கள்.